சுருட்டும் கையுறையும்: வெப்பநாட்டுப் பண்டமொன்றின் குளிர்நாட்டுப் பயணம்

கொழும்பு நகரிற் குளிருக்காகக் கையுறை அணிவோர் எவருமிலர். சத்திரசிகிச்சைக் கூடத்து வைத்தியர், மின்கம்பத்தில் ஏறும் தொழிலாளர், மோட்டார் சைக்கிளோட்டிகள் எனச் சிலர் தத்தம் தொழிலும் தேவையுங் கருதி அணிவதுண்டு. ஆண்டு முழுவதும் 27 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும் வெப்பத்தில், விரல்கள் விறைத்துப்போகும் என்ற அச்சம் இந்நகரத்தாருக்கு ஏற்பட இடமில்லை. ஆயினும் வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிலே கடந்த நாற்பதாண்டுகளாகக் குளிர்காலக் கையுறை ஒரு பழகிய பொருளாகிவிட்டது. ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ உள்ள பிள்ளைகளிடம் புறப்படும் முதியவர்களின் பெட்டிகளிலே பனங்கட்டி, மிளகாய்த்தூள், ஒடியல் மா ஆகியவற்றோடு கையுறைச் சோடியொன்றும் இடம் பெறுகின்றது. அப்பெட்டியின் மூலையிலே, துணியிற் சுற்றிய யாழ்ப்பாணச் சுருட்டுக் கட்டொன்று ஒளிந்திருப்பதும் உண்டு. “உதைப் போட்டுக்கொண்டு சுருட்டுப் பத்த ஏலுமோ?” என்று முதியவர் கேட்பாராயின் வீட்டிலுள்ளோர் சிரிப்பர்.

சிரிப்புக்குரிய கேள்வியேயாயினும், வரலாற்று மாணவன் ஒருவன் இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சுருட்டு வெப்பநாட்டிலே, வெறுங்கையினாற் செய்யப்பட்டு, வெறுங்கையினாலேயே பிடிக்கப்பட்ட பண்டம். அது குளிர்ந்த இடங்களுக்குச் சென்றபோதெல்லாம் கையை மூடும் பிரச்சினையும் உடன் சென்றது. யாருடைய கை மூடப்பட்டது, யாருடைய கை திறந்தபடி விடப்பட்டது என்று நோக்கின், யாழ்ப்பாணத்துக் கொட்டில், கொழும்புக் கடை, மலைநாட்டுத் தோட்டம், இலண்டன் மாநகர், இன்றைய கனடிய மாடிவீடு ஆகியன ஒரே கோட்டில் வந்து அமைவதைக் காணலாம்.

முதலிற் சொல்லிலிருந்து தொடங்குவோம். ஆங்கிலேயர் ‘செரூட்’ என வழங்குவது தமிழின் ‘சுருட்டு’ என்ற சொல்லே. சுருட்டப்படுவது சுருட்டு, வேறு விளக்கம் வேண்டியதில்லை. சிங்கள மக்கள் வழங்கும் ‘சுருட்டுவ’ என்பதும் இதன் வழிவந்ததே. பொருள் போன இடமெல்லாம் அதன் பெயரும் போயிற்று. இச்சுருட்டுக்கும் கியூபாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற சுருட்டுக்கும் வடிவில் வேறுபாடு உண்டு. கியூபச் சுருட்டின் வாய்ப்புறம் இலையால் மூடப்பட்டிருக்கும்; கத்தியால் வெட்டியே அதைப் புகைக்கவேண்டும். நம்முடையதோ இருபுறமும் திறந்தது. கத்தி வேண்டாம், பெட்டி வேண்டாம், பளிங்குச் சாம்பற்கிண்ணமும் வேண்டாம். மடியிற் செருகிக்கொண்டு வயலுக்கோ கடலுக்கோ போகலாம். பாதி புகைத்து அணைந்ததும் காதில் வைத்துக்கொள்ளலாம். வெளியில் உழைப்பவனுக்கென அமைந்த வடிவம் இது.

புகையிலைச் செடி போர்த்துக்கேயர் காலத்தில் நம் நாட்டை வந்தடைந்தது. ஒல்லாந்தர் காலத்திலே யாழ்ப்பாணத்தின் தலையாய பணப்பயிராக அது வளர்ந்துவிட்டது. அக்காலத்தில் அதன் பெருஞ்சந்தை திருவிதாங்கூர். மலையாள நாட்டில் வெற்றிலையோடு மென்று உண்ணும் வழக்கத்திற்கு யாழ்ப்பாணப் புகையிலையே ஏற்றதெனக் கருதப்பட்டது. ‘ஜாப்பாணம் புகையில’ என்ற பெயர் அங்கு இன்றும் மறைந்துவிடவில்லை. தமிழ்நாட்டிலே சீனிச்சர்க்கரைப் புலவர் ‘புகையிலை விடு தூது’ என்றொரு பிரபந்தமே பாடிவிட்டார். தமிழ்ப் புலவனின் தூதுப் பொருள்களாக அன்னமும் கிளியும் இருந்த வரிசையிலே புகையிலையும் ஏறி அமர்ந்ததென்றால், அது மக்கள் வாழ்வில் எவ்வளவு ஊறிவிட்டது என்பதை வேறு சான்று கொண்டு நிறுவ வேண்டியதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருவிதாங்கூரின் இறக்குமதித் தீர்வை உயர்ந்தபோது அச்சந்தை தளர்ந்தது. மெல்லும் புகையிலைக்குரிய வழி குறுகக் குறுக, புகைக்கும் சுருட்டின் வழி தெற்கு நோக்கி அகன்றது. யாழ்ப்பாணத்தின் செம்மண் கிராமங்களிலே பனையோலை வேய்ந்த சுருட்டுக் கொட்டில்கள் அவ்வழியின் தொடக்கமாய் அமைந்தன.

கொட்டிலைப் பற்றிச் சிறிது விரித்துக் கூறுதல் தகும். வரிசையாகத் தரையில் அமர்ந்த தொழிலாளரின் முன்னே பலகை. அருகே பதமாக்கிய இலைக் குவியல். இலை பதமாக இருக்கவேண்டும் என்பதே தொழிலின் உயிர்நாடி. உலர்ந்த இலை வெடிக்கும். அதிகம் நனைந்த இலை பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பதத்தைக் கணிப்பதற்குக் கருவியொன்றும் அக்கொட்டில்களில் இருந்ததில்லை. விரல் நுனியே கருவி. நரம்பை நீக்கி, உள்ளே வைக்கும் துண்டிலைகளை உள்ளங்கையிற் கூட்டி, மேலிலையைச் சாய்வாகச் சுற்றி, நுனியை ஒட்டி முடிப்பதற்குத் தேர்ந்த கைக்குச் சில கணங்களே போதும். இறுக்கிச் சுருட்டினாற் புகை வராது. தளரச் சுருட்டினாற் சடசடவென எரிந்து தீரும். இக்கலை முழுவதும் தொடுவுணர்வின் கலை. கையுறை போட்ட ஒருவனாற் சுருட்டுச் சுற்ற முடியாது. சுருட்டிக்கு நாளாந்தம் கிடைத்தது எண்ணிக்கைக் கூலி. எனவே விரல் எவ்வளவு விரைந்ததோ அவ்வளவே வருவாய். அவ்விரல்களில் ஏறிய கறையும் நெடியும் சவர்க்காரத்துக்குக் கட்டுப்படுவதில்லை.

கைகள் ஓயாது இயங்கினும் காதுகள் ஓய்ந்திருந்தன. அதனால் இக்கொட்டில்களிலே ஒருவர் பத்திரிகையையோ கதைநூலையோ உரக்க வாசிக்க, ஏனையோர் கேட்டபடி சுருட்டும் வழக்கம் வேரூன்றியது. கியூபாவின் ஹவானா நகரத்துச் சுருட்டாலைகளில் 1865ஆம் ஆண்டு தொடங்கிய வாசிப்பு வழக்கமும் இதனையே ஒத்தது. ஒருவரையொருவர் அறியாத இரு தீவுத் தொழிலாளர், ஒரே தொழிலின் இயல்பினால் ஒரே வழக்கத்தைக் கண்டடைந்தனர் எனலாம். 1930ஆம் ஆண்டில் கொழும்பில் ‘வீரகேசரி’யும், அதே ஆண்டு சுன்னாகத்தில் ‘ஈழகேசரி’யும், 1932இல் கொழும்பில் ‘தினகரன்’ நாளிதழும் தோன்றியபின் கொட்டிலின் வாசிப்புக்கு இரை மிகுந்தது. எழுத்தறியாத சுருட்டித் தொழிலாளியும் உலகச் செய்தி அறிந்தவனாகவும் அரசியல் விவாதத்திற் சளைக்காதவனாகவும் விளங்கியமைக்கு இதுவே காரணம். இடதுசாரி இயக்கத்தார் யாழ்ப்பாணத்திற் கொட்டில்களை நாடிச் சென்றமையில் வியப்பில்லை.

கொழும்பிலிருந்து பத்திரிகை வடக்கே போயிற்று. வடக்கிலிருந்து சுருட்டு கொழும்புக்கு வந்தது. இந்தக் கொடுக்கல் வாங்கலைச் சாத்தியமாக்கியது புகையிரதம். அதற்கு முன்னர் கரையோரத் தோணிகளும் மாட்டுவண்டிகளுமே துணை. 1905ஆம் ஆண்டு வடபகுதிப் பாதை முழுமை பெற்றபின் சுருட்டுப் பொதிகள் ஓரிரவிற் கொழும்பை எட்டின. தோணியிற் கடற்காற்றுப் பட்டு வந்த சுருட்டின் பதத்துக்கும் புகையிரதத்தில் வந்ததன் பதத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு வியாபாரிக்குப் பணமாகும் வேறுபாடு.

கொழும்பில் இவ்வியாபாரத்தின் களம் துறைமுகத்தை ஒட்டிய பகுதி. புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் மொத்த வணிகம். அங்கிருந்து வடக்கே கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, ஜம்பட்டா வீதி, ஆமர் வீதி என்று சில்லறைக் கடைகள். 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட அலைதடுப்புச் சுவர் கொழும்பைக் கீழைத்தேசத்தின் பெருந்துறைகளுள் ஒன்றாக்கியது. துறைமுகத் தொழிலாளர், வண்டிக்காரர், சுமைகூலிகள் ஆகியோர் நெருங்கி வாழ்ந்த கொட்டாஞ்சேனையிலே சுருட்டுக்கு வாடிக்கையாளருக்குப் பஞ்சமில்லை. புனித லூசியா பேராலயத்துக்குச் செல்லும் பரவர் குலத்துக் கத்தோலிக்கனும், பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குச் செல்லும் சைவனும், சிங்களத் தொழிலாளியும் ஒரே கடையின் தொங்கு கயிற்று நெருப்பிலே சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டனர். தீபரவாது மெல்லக் கனன்றுகொண்டிருக்கும் அக்கயிறு, கடைவாசலின் ஒரு பொதுச்சொத்து.

கொழும்புடன் இது நின்றுவிடவில்லை. தென்னிலங்கையின் சிறுநகரம் ஒவ்வொன்றிலும் ‘சுருட்டுக் கடே’ எனச் சிங்கள மக்கள் அழைத்த யாழ்ப்பாணத்தவர் கடையொன்று இருந்தது. தீவகப் பகுதிகளிலிருந்தும் வலிகாமத்திலிருந்தும் வந்த இளைஞர்கள் கடையிலேயே சமைத்து, கடையிலேயே உறங்கி, ஆண்டுக்கு ஒருமுறை ஊர் சென்று திரும்பினர். அவர்கள் பேசிய சிங்களம் சந்தைச் சிங்களம். ஆயினும் ஊராரின் நன்மை தீமைகளில் அவர்களுக்கு இடமிருந்தது. யாழ்ப்பாணத்தாரின் தென்னிலங்கைப் பரம்பலை எழுதுவோர் எழுதுவினைஞர்களையும் ஆசிரியர்களையும் வழக்கறிஞர்களையும் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுகின்றனர். சுருட்டுக் கடைக்காரனுக்கு ஒரு வரியும் வாய்ப்பதில்லை. படித்தவர் வரலாற்றை எழுதினர், தம்மையே எழுதினர்.

இனிக் குளிருக்கு வருவோம். இலங்கையிலே குளிர் என்ற பெயருக்கு உரிய குளிர் மலைநாட்டில் உண்டு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ளது. தை, மாசி மாதங்களில் அங்கு அதிகாலையிற் புல்மேல் உறைபனி படிவதும், அப்பனியினாற் தேயிலைக் கொழுந்து கருகுவதும் இயல்பு. 1848இல் சாமுவேல் பேக்கர் அங்கு ஆங்கிலக் குடியேற்றமொன்றை நிறுவ முயன்றார். இங்கிலாந்தின் காய்கறியும் கால்நடையும் வந்தன. 1876இல் ‘ஹில் கிளப்’ என்ற கழகமும் வந்தது. கணப்பு அடுப்பு, கம்பளிக் கோட்டு, தோற்கையுறை ஆகியவற்றோடு கூடிய ஆங்கிலக் குளிர்கால வாழ்வின் சிறிய பிரதியொன்று அந்த மலைமேல் அமைந்தது. 1885இல் புகையிரதம் நானுஓயாவை எட்டியபின், கொழும்பில் வியர்வையில் நனைந்த கனவான் மறுநாட்காலை அங்கே கையுறை அணிந்து குதிரையேறலாம்.

அதே மலையில், அதே குளிரில், தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தோட்டத் தொழிலாளருக்கு வாய்த்தது கம்பளி ஒன்று. மழைக்கும் அதுவே, பனிக்கும் அதுவே, இரவிற் போர்வையும் அதுவே. அதுவும் இலவசமன்று, அரிசியைப் போலவே கம்பளியின் விலையும் செக்றோல் கணக்கிலே கூலியிலிருந்து கழிக்கப்பட்டது. கம்பளி தலையையும் தோளையும் மூடும், கையை மூடாது. மூடவும் முடியாது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளவேண்டிய கொழுந்தை உணரும் விரல், சுருட்டுத் தொழிலாளியின் விரலைப் போன்றே திறந்திருக்கவேண்டிய விரல். பனியில் நனைந்த கொழுந்தை அதிகாலையிற் பறிக்கும் பெண்ணின் கை, தோட்டத்துரையின் கையுறை அணிந்த கை ஆகிய இரண்டும் ஒரே மலைச்சரிவில் சில அடி தூரத்தில் இருந்தன. தேயிலைப் பொருளாதாரத்தைப் பற்றிய நூல்களிலே ஏக்கர்க் கணக்கும் ஏற்றுமதிக் கணக்கும் நிறைய உண்டு. கைகளுக்கிடையே இருந்த இந்தச் சில அடித் தூரத்தை அளந்தோர் குறைவு.

அட்டன், பண்டாரவளை, பதுளை முதலிய நகரங்களில் இருந்த யாழ்ப்பாணத்தவர் கடைகளிலிருந்து சுருட்டு லயங்களுக்குச் சென்றது. ஆண்கள் மட்டுமன்று, மூத்த பெண்களும் சுருட்டுப் புகைத்தனர். யாழ்ப்பாணத்திலும் அவ்வழக்கம் பாட்டிமாரிடையே இருந்ததே. சம்பள நாளில் வாங்கிய சுருட்டு, மாலையிலே லயத்தின் அடுப்பங்கரையில் கம்பளிக்குள் ஒடுங்கியபடி பகிர்ந்து புகைக்கப்பட்டது. கம்பளியின் மடிப்புக்குள் கையை இழுத்துக்கொண்டு, சுருட்டின் நுனி மட்டும் வெளியே தெரியப் பிடிப்பது அம்மக்கள் கண்ட உபாயம். குளிரிலே சுருட்டுப் பிடிப்பதற்குத் தமிழன் கண்ட முதற் கையுறை இக்கம்பளி மடிப்பே எனின் மிகையாகாது. இங்கே ஓர் உண்மையையும் மறைத்தலாகாது: சுருட்டு உடலைச் சூடாக்குவதில்லை. நிக்கொட்டின் விரல்களின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்வதால், கை முன்னிலும் விறைக்கும். வெப்பம் என்று தொழிலாளி உணர்ந்தது தணலின் அண்மையையும் சிறிது ஓய்வின் இன்பத்தையுமே.

வெளிக்காற்றிற் புகைப்பதற்கு வேறோர் உபாயமும் உலகில் உண்டு. ஆந்திரக் கரையோரத்து ஏழைப் பெண்கள் ‘சுட்டா’ என்ற சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பர். காற்றிலும் தூறலிலும் தணல் அணையாது. கையும் வேலைக்கு விடுபடும். ஆயின் மேலண்ணத்திற் புற்றுநோய் தோன்றுவதற்கு இப்பழக்கமே காரணமென மருத்துவ ஆய்வுகள் நிலைநாட்டியுள்ளன. கைக்கு விடுதலை தேடிய வழி வாய்க்கு அழிவாயிற்று.

தமிழகத்தின் சுருட்டு இதற்கிடையில் மெய்யான குளிர்காலத்தையே சந்தித்துவிட்டது. திருச்சிராப்பள்ளி, உறையூர், திண்டுக்கல் ஆகிய ஊர்களிற் செய்யப்பட்ட சுருட்டு, இந்தியாவிற் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆங்கில அதிகாரிகளோடு இலண்டன் சென்றது. 1887இல் வெளியான ஷேர்லொக் ஹோம்ஸின் முதற் கதையிலே, கொலைகாரன் திருச்சிச் சுருட்டுப் புகைப்பவன் என்பதைச் சாம்பலைக் கொண்டே துப்பறிவாளர் கண்டுகொள்கின்றார். அந்நகரத்து வாசகனுக்குத் திருச்சி என்ற பெயர் விளக்கமின்றியே விளங்கிற்று என்பதுதான் இங்கு கருதற்பாலது. வின்ஸ்டன் சேர்ச்சில் உறையூர்ச் சுருட்டை விரும்பினார் என்ற செய்தியைத் திருச்சியில் இன்றும் பெருமையோடு கூறுவர். திண்டுக்கல்லிலோ ஸ்பென்சர் நிறுவனம் ஆலையமைத்துச் சுருட்டு உற்பத்தியை நடத்தியது.

இங்கேதான் கையுறைப் பிரச்சினை அதன் உரிய வடிவிலே எழுகின்றது. விரலின் தோல் வெப்பநிலை 15 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் நுண்ணிய வேலை செய்யும் திறன் குன்றிவிடும். சுருட்டுப் புகைப்பவனோ அதை இடையிடையே உருட்டவேண்டும், சாம்பலின் நீளத்தைக் கணிக்கவேண்டும், மேலிலை வெடிக்கிறதா என்று உணரவேண்டும், அணைந்தால் நெருப்புக்குச்சி கிழிக்கவேண்டும். குளிர்ந்த காற்று உலர்ந்ததாதலால் மேலிலை ஈரத்தை இழந்து விரைவில் வெடிக்கும். ஆகவே கொழும்பிற் கவனியாது பிடித்த பிடியை அங்கே கவனித்துப் பிடித்தாகவேண்டும். தடித்த கையுறைக்குள் விரல் சூடாக இருக்கும், உணர்விருக்காது. மெல்லியதற்குள் உணர்விருக்கும், சூடிருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் உடன்பாடு காண்பதே குளிர்நாட்டாரின் நெடுநாள் முயற்சி.

அவர்கள் கண்டவற்றுட் சிறந்தது மெல்லிய தோலுறை. ஆட்டுக்குட்டித் தோலும் மான் தோலும் விரலோடு ஒட்டி நின்று சுருட்டின் உருண்டையை உணரவிடும். உள்ளே பட்டோ காஷ்மீர ஆட்டின் மயிர்த்துணியோ மெல்லியதாக வைத்துத் தைத்தால் வெப்பமும் ஓரளவு தங்கும். வெறும் தோல் காற்றைத் தடுக்குமேயன்றிச் சூட்டைத் தேக்காது. பின்னல் கம்பளியுறை மலிவானது; பொறி விழுந்தாற் கருகுமேயன்றி எளிதிற் தீப்பற்றாது; ஆனால் இழைகளிடையே காற்றுப் புகும், இலையின் சொரசொரப்பிற் சிக்கி மேலிலையைக் கிழிக்கவும் கூடும். நைலோன், பொலியெஸ்தர் உறைகளைப் பற்றி எச்சரிக்கை வேண்டும். அவை ஏறத்தாழ 220 முதல் 265 பாகைக்குள் உருகுவன. புகையிலைத் தணலோ பல நூறு பாகைச் சூடுடையது. விழுந்த பொறி உருகிய பிசினாகி விரலிலே ஒட்டும். இன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கும் குளிருறைகளிற் பெரும்பாலானவை இவ்வினத்தைச் சேர்ந்தவையே. விரல்நுனி வெட்டிய உறையும், மடித்துத் திறக்கும் மூடியுள்ள உறையும் வேட்டைக்காரர், மீன்பிடிப்போர், படைவீரர் ஆகியோரிடமிருந்து வந்தவை. தோலுறையில் ஒரு குறை உண்டு. புகையிலை நெடியை அது விடவே விடாது. யாழ்ப்பாணத்துச் சுருட்டியின் விரலிலிருந்து அகலாத அதே நெடி, விலையுயர்ந்த மான்தோலிலிருந்தும் அகல்வதில்லை.

மீண்டும் கொழும்புக்கு வருவோம். வெள்ளவத்தையில் 1890ஐ ஒட்டி நூற்பு நெசவாலை தோன்றியது. 1933இல் அங்கு நடந்த வேலைநிறுத்தம், கொல்வின் ஆர். டி சில்வா முதலியோரை முன்னணிக்குக் கொண்டுவந்து, இலங்கை இடதுசாரி வரலாற்றில் இடம்பெற்றது. அதே காலத்தில் வெள்ளவத்தையின் மறுமுகமும் உருவாகிக்கொண்டிருந்தது: அரசாங்க எழுதுவினைஞரும் கணக்காளரும் குடியேறிய யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்க வெள்ளவத்தை. 1942இல் தொடங்கப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் இல்லமும் இப்பகுதியிலேயே அமைந்தது. இவ்வர்க்கத்தார் சுருட்டைக் கைவிட்டனர். தந்தை ஊரிலே சுருட்டுப் புகைத்தார். மகன் காரியாலயத்திலே சிகரெட் புகைத்தான். 1932இல் நிறுவப்பெற்ற இலங்கைப் புகையிலைக் கம்பனியின் தலைமையகம் கொட்டாஞ்சேனைக்கு வடக்கே, ஸ்ரீமத் இராமநாதன் மாவத்தையில் உள்ளது. இயந்திரம் சுற்றும் சிகரெட்டுக்கு விரலின் பதம் வேண்டியதில்லை, ஒரே அளவு, ஒரே தடிப்பு, கையுறையோடும் பிடிக்கலாம். கொட்டில்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கொட்டிலோடு வாசிப்பும் ஓய்ந்தது.

ஆயினும் தென்னிலங்கைச் சுருட்டுக் கடையை முடித்துவைத்தது சிகரெட் மட்டுமன்று. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் தமிழர் கடைகள் எரிந்தன. 1983 ஆடியில் வெள்ளவத்தைக் காலி வீதியும் கொட்டாஞ்சேனையும் எரிந்தன. சிறுநகரங்களின் ‘சுருட்டுக் கடே’க்காரர் பலர், தலைமுறையாக வாழ்ந்த ஊரை ஒரே இரவில் விட்டகன்றனர். 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதமும் நின்றது. அது மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தது 2014 ஐப்பசியிலேதான். சுருட்டுப் பொதி வந்த வழி இருபத்துநான்கு ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தது. அந்த இடைவெளியிலே பொதியை அனுப்பியோரும் பெற்றோரும் வேறு கண்டங்களுக்குச் சென்றுவிட்டனர்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2006 வைகாசி இறுதியில் நடைமுறைக்கு வந்த சட்டம், மூடிய பொது இடங்களிற் புகைத்தலைத் தடைசெய்தது. இலங்கையிலும் அதே 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இதனைச் செய்தது. இரண்டும் வேண்டிய சட்டங்களே. வாய்ப்புற்றும் நுரையீரல் நோயும் கண்ட எவரும் மறுத்துரையார். ஆனால் ஒரே சட்டம் இரு நாடுகளில் இரு வேறு அனுபவமாகின்றது. கொட்டாஞ்சேனையிற் கடையைவிட்டு வீதிக்கு இறங்கினாற் போதும். ஸ்காபரோவில் தைமாதத்து இரவில் வெளியிறங்கினால் வெப்பமானி உறைநிலைக்குக் கீழே பத்து, பதினைந்து பாகை காட்டும். வீட்டுக்குள்ளே பேரப்பிள்ளைகள் இருப்பதனால் முதியவர் தாமாகவே வெளியே செல்கின்றார். லயத்தின் கம்பளி மடிப்பு அங்கே மாடிவீட்டு வாசலில் மறுபிறப்பெடுக்கின்றது. பனிக்கோட்டின் நீண்ட கைக்குள் விரலை இழுத்துக்கொண்டு, சுருட்டு நுனியை மட்டும் வெளியே விடும் அதே பிடி.

இன்னுமொரு செய்தியையும் இங்கே கூறவேண்டும். 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்ட இறப்பர்க் கன்றுகளின் வழிவந்த மரங்களைக் கொண்ட இந்நாடு, இன்று கையுறை ஏற்றுமதி நாடுகளுள் ஒன்று. 1978இல் திறக்கப்பட்ட கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயத்திலே, மெல்லிய பின்னலுறையை இறப்பர்ப் பாலில் தோய்த்துச் செய்யும் தொழிற்கையுறைகள் உற்பத்தியாகின்றன. குளிர்தாங்கும் உட்புறமுள்ளவையும் அவற்றுள் உண்டு. பொருளைப் பிடிக்கும் உணர்வு குன்றாத மென்மையே அவற்றின் சிறப்பு. கையுறை தேவைப்படாத நாடு உலகின் கைகளுக்குக் கையுறை செய்கின்றது. ஆனால் இறப்பர்ப் பூச்சு தணலுக்கு ஆகாது. பொறி பட்டாற் பொசுங்கி நாறும். சுருட்டுப் பிடிப்பவருக்கு அவ்வுறை உதவாது.

வெள்ளவத்தை முதியவரின் கேள்விக்கு, ரொறன்ரோவிற் பல குளிர்காலம் கண்ட அவர் வயதொத்தோர் தரக்கூடிய விடை எளியது. இரண்டு கைக்கும் ஒரே உறை வேண்டியதில்லை. சுருட்டுப் பிடிக்கும் வலக்கைக்கு மெல்லிய தோல், உள்ளே பட்டு; சட்டைப்பையில் இருக்கும் இடக்கைக்குத் தடித்த கம்பளி. நெருப்புக்குச்சியை வாசலுக்குள்ளேயே எடுத்து வைத்துக்கொண்டு, வலக்கை உறையைக் கழற்றிப் பற்றவைத்தபின் மாட்டிக்கொள்ளவேண்டும். பாதியில் அணைந்தால், காதில் வைக்காமல், தகரப்பெட்டியில் வைக்கவேண்டும். அந்தக் குளிரிலே காதையும் கம்பளித் தொப்பி மூடியிருக்கும்.